அடியில் ஓடுகிற சத்தம்

மூன்றாவதாக வரவேண்டிய செய்தி இன்னும் தள்ளிப்போகிறது என்று தயாரிப்பாளர் ஒஸ்னாத் ஹெட்போனில் சொன்னதும் நிவீனுக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்த மூச்சிலேயே அந்த நிம்மதியின் மேல் எரிச்சலும் வந்தது. பல் பிடுங்கிக்கொள்ள வந்து உட்கார்ந்தவளிடம் டாக்டர் காபி குடிக்கப் போயிருக்கிறார் என்றால் அவள் சந்தோஷப்பட வேண்டுமா, கூடாதா? யாரோ ஒரு அமைச்சர் தன் அலுவலக வாசலில் நின்று பேசப்போகிறாராம். அவர் பேசி முடிக்கும்வரை சாலை விபத்தும் தக்காளி விலையும் தெய்ர் ஹமாம் ஊரில் சுட்டுக் கொல்லப்பட்ட வசீமின் அம்மாவும் காத்திருக்க வேண்டும். அமைச்சர்கள் என்றைக்குச் சீக்கிரம் முடித்திருக்கிறார்கள்! நிவீன் வாயிலிருந்த சோம்பு மிட்டாயை இடக் கன்னத்திலிருந்து வலக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள். டெல் அவீவில் ஒரு ஹீப்ரு தொலைக்காட்சியின் மாலைச் செய்தி இது. இதில் ஏதாவதொரு பெண் அரபியில் பேசினால், அவள் பேசப் பேச அவள் குரலின் மேலேயே ஹீப்ருவில் ஓடுகிற குரல் நிவீனுடையது. ஆண்களுக்கு வேறொருவர் இருக்கிறார், அவர் வாரத்தில் பாதி நாள் வெட்டியாக உட்கார்ந்திருப்பார். நம் அரபி ஆண்களுக்கு ஹீப்ரு வந்துவிடும், கட்டட வேலையிலும் சந்தையிலும் கற்றுக்கொண்டுவிடுவார்கள். முன்னுக்கு வந்த பெண்களுக்கும் வந்துவிடும். டாக்டர், வக்கீல், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவள், இவர்கள் திரையில் வந்தால் தாங்களே வெளுத்துக்கட்டிவிடுவார்கள். நிவீனுக்கு மிஞ்சுகிறவர்கள் பறிகொடுத்தவர்கள். அவர்களுக்காக இந்தக் கண்ணாடி அறை. கண்ணாடி அறை என்று சொல்வது கொஞ்சம் அதிகம், முன்பு பழைய வயர்களைப் போட்டு வைத்திருந்த பொந்துக்கு ஒரு பக்கம் கண்ணாடி வைத்துக் கதவு போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். நாற்காலி அசைந்தால் கிறீச்சிடும் என்பதால் அசையாமல் உட்காரப் பழகியிருந்தாள். ஹெட்போனின் இடது காதுப் பஞ்சு கிழிந்திருந்தது. ஒவ்வொரு வாரமும் மாற்றித் தருகிறோம் என்கிறார்கள், ஒவ்வொரு வாரமும் அவளும் சரி என்கிறாள்.

இந்த வேலைக்கு ஒரே ஒரு விதிதான். "அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. திரையில் இருப்பவள் "நான்" என்றால் நிவீனும் "நான்" என்றாக வேண்டும். கணக்குப் பார்த்தால் இந்தப் பத்துப் பதினோரு வருஷத்தில் நிவீன் ஹீப்ரு தொலைக்காட்சியில் கணவனை இழந்திருக்கிறாள், வீட்டை இழந்திருக்கிறாள், ஒலிவத் தோப்பை இழந்திருக்கிறாள், மகன்களை இழந்ததற்குக் கணக்கே இல்லை. ஒரே ஒரு தடவை, ஊறுகாய்ப் போட்டி ஒன்றில் முதல் பரிசு வாங்கினாள். சொந்தத்தில் அவளுக்கு ஒரே பிள்ளை, ஆதம். பத்தாம் வகுப்பு. இந்நேரம் சோபாவில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பான், தோலைத் தரையில்தான் போடுவான். "என் மகனைக் கொன்றுவிட்டார்கள்" என்று ஹீப்ருவில் சொல்கிறபோதெல்லாம் இது இரவல் வாய், இரவல் சொல் என்று மூளைக்குச் சொல்லிக்கொள்கிறாள். மூளை கேட்டுக்கொள்கிறது, வயிறு கேட்பதில்லை. வயிற்றுக்குத் தெரிந்த மகன் ஆதம் ஒருவன்தான். செய்தி முடிந்து வெளியே வருவதற்குள் ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டுவிடுவாள். "இன்னிக்கும் உன் வாயாலேயே உன் பிள்ளைய சாகடிச்சுட்டியாம்மா? தீங்கு தூரப் போகட்டும்னாவது சொன்னியா?" யாருடைய கெட்ட சேதியைச் சொன்னாலும் நடுவில் அதைச் சொல்லிக்கொள்வது ஊர் வழக்கம், சேதி சொல்கிறவர்மேலும் கேட்கிறவர்மேலும் ஒட்டாமல் போவதற்காக. செய்தியில் அதற்கு ஏது இடம்? நிவீன் அதை மூச்சு வாங்குகிற இடைவெளியில் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். என் மகனைச் சுட்டார்கள், தீங்கு தூரப் போகட்டும், வாசலிலேயே விழுந்தான், தீங்கு தூரப் போகட்டும். ஒருமுறை மூக்குக்கண்ணாடிக் கடையில் "இந்தப் பிரேம் கொஞ்சம் அகலமாக இருக்கிறது" என்று ஹீப்ருவில் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த வயதான யூதப் பெண்மணி திரும்பிப் பார்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் மகனுக்காக நான் அழுதேன், தெரியுமா" என்றாள். முகம் தெரியாது, குரல் தெரிந்திருக்கிறது. எந்த மகன் என்று கேட்கவா முடியும்? நன்றி என்று சொல்லிவிட்டு அகலமான பிரேமையே வாங்கிக்கொண்டு வந்தாள். அதைத்தான் இப்போதும் போட்டிருக்கிறாள், மூக்கிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. நன்றி என்று ஏன் சொன்னாள்? வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று அந்தக் கேள்வி வருஷக்கணக்காக வந்து வந்து போகிறது. மரியாதை தெரிந்த பெண்மணி. அழுதது பொய்யாக இருக்காது. ஆனால் யாருக்காக அழுதாள்? அழுத கண்ணீர் போய்ச் சேர வேண்டிய வீட்டுக்குப் போகாமல் இவளிடம் வந்துவிட்டதே, அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

அமைச்சர் இன்னும் வாசலுக்கு வரவில்லை. திரையில் காலியான வாசலும் ஒலிவாங்கிகளும் தெரிந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒஸ்னாத் பேனாவைக் கொண்டையில் செருகியிருப்பதை மறந்து பேனா தேடிக்கொண்டிருந்தாள். நல்லவள்தான். இன்று மதியம் வந்து கதவில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாள்: "நிவீன், இந்த அம்மா பேர் சொல்லப்போறாங்கன்னு கேள்விப்பட்டேன். சுட்டவன் பேரு. வக்கீல் கூடவே கூடாதுன்னுட்டார். போலீஸ் கைது பண்ணல, குற்றச்சாட்டு இல்ல, நாம பேர் சொன்னா நம்மளக் கோர்ட்டுக்கு இழுப்பாங்க. அந்த இடம் வந்தா நீ மொழிபெயர்க்காத. 'அந்த ஆள்'னு போட்டுடு." "அவங்க அரபியில சொல்றது வெளிய போகுமே" என்று நிவீன் கேட்டாள். ஒஸ்னாத் கையை ஆட்டினாள். "அரபி பரவாயில்ல. அது அடியில ஓடற சத்தம்தானே. ஹீப்ருல வரக் கூடாது, அவ்வளவுதான்." அடியில் ஓடுகிற சத்தம். வேலைக்கு வந்த முதல் நாளே இந்த வார்த்தை அவளுக்கு அறிமுகம். ஒலிக்குப் பொறுப்பான நிஸிம் அன்று தன் மேசையைக் காட்டி விளக்கினார். "இந்தப் பொத்தான் நீ. இது அவங்க. நீ பேசறப்ப அவங்களை நான் கீழ இறக்கிடுவேன், உயிர் இருக்குன்னு தெரியற அளவுக்கு விட்டு வைப்பேன். நீ நிறுத்தினா மேல ஏத்திடுவேன். டிவியில மௌனம் இருக்கவே கூடாது, மௌனம் வந்தா வீட்ல இருக்கறவன் சானல் மாத்திடுவான்." அவருடைய பெற்றோர் பாக்தாதிலிருந்து வந்தவர்கள், வீட்டில் அரபிதான் பேசினார்களாம், இவர் குழந்தையாக இருந்தபோதே வெட்கப்பட்டுக் காதை மூடிக்கொண்டாராம், இப்போது ஒரு சொல் தெரியாது. ஆனால் விரலுக்கு என்ன தெரியுமோ, அது தவறியதே இல்லை. நிவீன் தும்மினால்கூட அந்தச் சின்ன இடைவெளியில் திரையிலிருப்பவளின் சொந்தக் குரல் திடீரென்று அறைக்குள் வந்துவிட்டுப் போகும். கதவைத் திறந்து மூடியதுபோல. மதியம் ஒஸ்னாத் அவளிடம் சொல்லிவிட்டுப் போனாள். நிஸிமிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியிருக்காது. இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நிவீன் அதை உட்காரச் சொல்லாமலே அனுப்பிவைத்தாள்.

ஹெட்போனின் வலது காதில் தெய்ர் ஹமாம் கேட்டுக்கொண்டிருந்தது. உம் வசீம் வீட்டுக் கூடத்தில் கேமராவும் ஒலிவாங்கியும் வைத்து அரைமணிக்கு மேலாகிவிட்டது, லைன் திறந்தே இருந்தது. காபிக் கோப்பையில் கரண்டி இடிக்கிறது, யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சுகிறாள். இங்கே இருப்பவர்களுக்கு அது வெறும் லைன். நிவீனுக்கு அது இரண்டு தெரு தள்ளியிருந்த வீடு. அவள் பிறந்து வளர்ந்த ஊர் அதுதான். கல்யாணமாகி யாஃபாவுக்கு வந்தாள், அம்மாவும் அண்ணன் மர்வானும் அங்கேயே இருக்கிறார்கள். உம் வசீம் என்றால் வசீமின் தாய். மூத்த பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஊர் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது, பிள்ளை போன பிறகும் அப்படித்தான் கூப்பிடும். திரையின் கீழே போடுவதற்கு இவர்கள் எழுதி வைத்திருந்த பெயரைக் கேட்டால் ஊரில் பாதிப் பேருக்கு யார் என்றே தெரியாது. முன்பே ஒலியைச் சோதிக்கிற சாக்கில் நிவீன் அவளிடம் பேசியிருந்தாள். பேசிய உடனே உம் வசீம் குரலை அடையாளம் பிடித்துக்கொண்டாள். "நீ சல்மாவோட மகதானே? மர்வான் தங்கச்சி?" ஆமாம் அக்கா, என்றாள் நிவீன். அல்லாஹ் அவனுக்கு இரக்கம் காட்டட்டும் என்று சொல்ல வேண்டியதைச் சொன்னாள். உம் வசீம் நேராக விஷயத்துக்கு வந்தாள். "நல்லதாப் போச்சு. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். நான் பேர் சொல்லப்போறேன். நீ அதை முழுங்கிடாத." நிவீனின் நாற்காலி கிறீச்சிட்டது. "பயப்படறியா? இதுல பயப்பட என்னம்மா இருக்கு, அவன் யாருன்னு ஊருக்கே தெரியும். நம்ம பாஷை தெரிஞ்சவங்க எல்லாருக்கும் தெரியும். அவங்களுக்குச் சொல்ல நான் டிவிக்கு வரல. ஸ்டேஷன்ல போய் நிக்கறேன், விசாரிச்சுக்கிட்டு இருக்கோம், யாருன்னு தெரியலங்கறாங்க. ஹீப்ருக்குத்தான் தெரியல. அதுக்குச் சொல்லத்தான் வரேன்." குரலில் அழுகை இல்லை. கடைக்குப் போகிறவளிடம் மறக்காமல் உப்பு வாங்கிவரச் சொல்கிற குரல். "அவங்க விடமாட்டாங்க அக்கா. சட்டம்" என்றாள் நிவீன். "அவங்க விடமாட்டாங்க. நீ?" என்றாள் உம் வசீம். அப்போது யாரோ வந்து சட்டையில் ஒலிவாங்கியைச் சரிசெய்தார்கள், கரகரவென்று கேட்டது, அதோடு பேச்சு அறுந்துபோனது.

நீ? என்று கேட்டால் என்ன சொல்வது. நிவீனுக்கும் தெரியும் அந்தப் பெயர். ஊருக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா. கல்யாண மண்டப வாசலில் வசீம் காரை நிறுத்தியிருந்தான், எடு என்றான் அந்தப் பெயர்க்காரன், மாமாவை இறக்கிவிட்டு எடுக்கிறேன் என்றான் வசீம், அவ்வளவுதான் விஷயம். பிறகு இரண்டு நாள் கழித்து, பட்டப்பகலில், ரொட்டி வாங்க வந்த இடத்தில். பார்த்தவர்கள் எல்லோரும் போலீஸிடம் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். எல்லோரும் என்றால் மர்வானும்தான். அண்ணனுடைய போன் ரிப்பேர் கடை அந்த ரொட்டிக் கடைக்கு நேர் எதிரே, தெருவைப் பார்த்து முழுக்கக் கண்ணாடி. சுட்ட அவனே போன வாரம்கூட வந்து போனுக்குப் புதுத் திரை மாற்றிக்கொண்டு, "கை நல்லா இருக்கட்டும் அண்ணே" என்று வாழ்த்திவிட்டுப் போனானாம். மர்வான் இதைச் சொல்லும்போது சிரித்தான். முழுக்கக் கண்ணாடி வைத்த கடை, ஒரு கல் போதும். மர்வான் தங்கச்சி டிவியில் பேசுகிறாள் என்று ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பெயர் ஹீப்ருவில் வந்தால் உம் வசீமின் வாயிலிருந்து வராது, இவள் குரலில் வரும். "நான்" என்று சொன்னது யார் என்று அவனும் அவன் ஆட்களும் இலக்கணம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பயம் என்று நேராகச் சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை, அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு நல்ல சாக்கும் கிடைத்திருந்தது, வக்கீலே கூடாது என்றுவிட்டார். விதிக்குக் கீழ்ப்படிவதும் உயிருக்குப் பயப்படுவதும் ஒரே பாதையில் போகும்போது மனிதன் எவ்வளவு ஒழுக்கமாகிவிடுகிறான்! இளவயதில் அவள் செய்தியாளராகத்தான் வரப் பார்த்தாள். குரல் தேர்வு வைத்த ஆள், காலர் பட்டன் திறந்த வெள்ளைச் சட்டை, கேட்டு முடித்துவிட்டுச் சொன்னான்: "உன் ஹீப்ரு எங்களைவிடச் சுத்தம். ஆனா உன் தொண்டையில அரபி இருக்கு. நீ வெள்ளம் பத்திச் சொன்னா ஜனங்க வெள்ளத்தைக் கேக்க மாட்டாங்க, உன்னைத்தான் கேப்பாங்க." ஒரு மாதம் கழித்து அதே ஆள்தான் இந்த வேலைக்குக் கூப்பிட்டான். இதற்கு அந்தத் தொண்டைதான் வேண்டுமாம். அழுகிற அரபித் தாய் டெல் அவீவ்காரி மாதிரிப் பேசினால் யார் நம்புவார்கள்? கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ என்னவோ, மாதச் சம்பளம் வந்ததும் அது போய்விட்டது. 'அந்த ஆள்' என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். என் மகனைச் சுட்டது அந்த ஆள். சரியாகத்தான் இருந்தது, ஹீப்ருவில் நன்றாகவே உட்கார்ந்தது. அந்த ஆள், அந்த ஆள். மிட்டாய் கரைந்து சோம்பின் நார் மட்டும் நாக்கில் நின்றது. அடியில் ஓடுகிற சத்தத்துக்கு வக்கீல் எதுவும் சொல்லவில்லையே என்று மறுபடி அந்த நினைப்பு வந்து வாசலில் நின்றது. போ என்றாள். போகவில்லை.

அமைச்சர் வந்தார், பேசினார், கேள்விக்குப் பதில் சொல்லாமல் உள்ளே போனார். "அடுத்தது தெய்ர் ஹமாம், நிவீன், தயாரா?" என்றாள் ஒஸ்னாத். திரையில் உம் வசீம் வந்தாள். பின்னால் வசீமின் படம், அதன் ஒரு மூலையில் கறுப்பு ரிப்பன். கூப்பிட்டு உட்கார வைத்தவர்கள் சொல்லியிருப்பார்கள், கையைக் கட்டிக்கொள்ளாமல் மடியில் வைத்திருந்தாள். செய்தி வாசிப்பவர், நரைத்த தாடியும் வருத்தமான குரலும் கொண்டவர், உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபம் என்று தொடங்கினார். நிவீன் அதை அரபியில் அவள் காதுக்கு அனுப்பினாள். பிறகு அவள் பேசத் தொடங்கினாள், நிவீனும் தொடங்கினாள், நிஸிமின் விரல் ஒரு பொத்தானை ஏற்றி ஒரு பொத்தானை இறக்கியது, தெய்ர் ஹமாம் சத்தத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. என் மகனுக்கு இருபத்தாறு வயது. தீங்கு தூரப் போகட்டும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பான். இந்த ஊரில் பாதிப் பெண்கள் அவனிடம் கற்றுக்கொண்டவர்கள்தான், நானும்தான், மூன்று தடவை தேர்வில் தோற்றேன், ஒரு தடவைகூட என்மேல் கத்தியதில்லை. போலீஸ்மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டார் நரைத்த தாடி. ரொட்டிக் கடையில் கேமரா இருக்கிறது, அது அன்றைக்கு வேலை செய்யவில்லை என்றார்கள். எதிர்க் கடையில் கேமரா இருக்கிறது, அதுவும் வேலை செய்யவில்லை என்றார்கள். எதிர்க் கடை. நிவீன் அதை எழுத்துக்கு எழுத்து ஹீப்ருவில் சொன்னாள், தன் அண்ணனின் கடையைத் தன் வாயாலேயே சொன்னாள். உம் வசீம் அவளைக் குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் யாரையும் குறை சொல்லவில்லை, எல்லோருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் மகனைச் சுட்டவன் யாரென்று தெரியவில்லை என்று உங்கள் போலீஸ் சொல்கிறது. எனக்குத் தெரியும். "நிவீன்" என்றாள் ஒஸ்னாத் காதில், மெதுவாக. நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவன் பெயர். 'அந்த ஆள்' நாக்கின் நுனியில் தயாராக நின்றது. வரிசையில் காத்திருந்து முறை வந்ததும் ஓரடி முன்னால் வைக்கிறவன் மாதிரி நின்றது. நிவீன் வாயை மூடிக்கொண்டாள். வேறு எதுவும் செய்யவில்லை. பெயரைச் சொல்லவில்லை, பெயருக்குப் பதிலாகவும் எதையும் சொல்லவில்லை, உதட்டை உதட்டோடு வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக நிஸிமின் கையைப் பார்த்தாள். அந்தக் கை எப்போதும் செய்வதைச் செய்தது. ஹைஸம், என்றாள் உம் வசீம், அறை முழுக்க, நாடு முழுக்க, தன் சொந்தக் குரலில். அத்னான் மகன் ஹைஸம். யூனுஸ் பேரன் ஹைஸம். செவிடனுக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பெயருக்கு எந்த மொழியிலும் மொழிபெயர்ப்பு இல்லை. ஒஸ்னாத் எழுந்து நின்றிருந்தாள், கொண்டையிலிருந்து பேனா விழுந்தது. நிஸிமின் விரல் இறங்கவில்லை. இறக்கச் சொல்லி அவருக்கு யாரும் சொல்லவில்லை, நிவீன் இன்னும் பேசவில்லை, மௌனம் கூடாது. பிறகு உம் வசீம் நிறுத்தினாள். அதன் பிறகு நிவீன் வாயைத் திறந்து, "நான் சொல்லிவிட்டேன்" என்று அவள் கடைசியாகச் சொன்னதை ஹீப்ருவில் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் சாதாரணம். அடுத்த செய்தி போனது. ஒஸ்னாத் வந்து கதவில் நின்றாள், சாயவில்லை. "நீ பேர் சொல்லல" என்றாள். கேள்வியா சாட்சியா என்று தெரியவில்லை. "சொல்லல" என்றாள் நிவீன். "'அந்த ஆள்'னு சொல்லச் சொன்னேன்." "மொழிபெயர்க்காதன்னு சொன்னீங்க. மொழிபெயர்க்கல." ஒஸ்னாத் அவளை நேராகப் பார்த்தாள், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது, பிறகு வக்கீல் கூப்பிடுகிறார் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நாளைக்கு என்ன கேட்பார்கள், வேலை இருக்குமா, அது நாளைக்கு. நிஸிம் தன் மேசையிலிருந்து கண்ணாடி வழியே கையை விரித்தார், நான் என்ன தப்புப் பண்ணினேன் என்கிற மாதிரி. ஒரு தப்பும் இல்லை என்று தலையாட்டினாள். வேண்டுமென்றே செய்தாயா, பயத்தில் வாய் அடைத்துப்போனதா என்று யாராவது கேட்டால் இரண்டும்தான் என்பாள்; பயம் வாயை மூடச் சொன்னது, மூடினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பையிலிருந்த போன் அதிரத் தொடங்கியது. அம்மா. எடுத்தபோது அம்மா திட்டவில்லை. பிள்ளையைச் சாகடித்தாயா என்று கேட்கவில்லை. "நடுவுல உன் சத்தம் நின்னுபோச்சேம்மா" என்றாள். "ஆமாம்மா." "அவ சத்தம் கேட்டுச்சு." "ஆமாம்மா. மர்வான் எங்க?" அம்மாவுக்குப் பின்னால் என்னவோ இரைச்சலாக இருந்தது. "கடைக்குப் போயிருக்கான். அந்த இரும்பு ஷட்டரை இறக்கிட்டு வரேன்னான். நாளைக்குத் திறக்க மாட்டானாம். அதுக்கப்புறம் பாக்கலாம்னான்." நிவீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "என்மேல கோபமா இருக்கானா?" "தெரியலம்மா. அந்தப் பேர் வந்ததும் ரிமோட்டை எங்கையிலேருந்து புடுங்கினான். அணைக்கப் போறான்னுதான் நெனச்சேன். சத்தத்தைக் கூட்டினான். தெருவுக்கே கேக்கற மாதிரி கூட்டிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கிப் போயிட்டான். எனக்குக் குறைக்கத் தெரியல, இன்னும் அப்படியேதான் அலறிக்கிட்டு இருக்கு. கேக்குதா?" நிவீன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கேட்டது. தக்காளி விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.